ஓர்க்காக்களோடு நீந்தப் போகிறவர் எங்கே தங்குவது: கரையிலா, கப்பலிலா?

சென்ற ஆண்டு நவம்பர் நடுப்பகுதியில், முல்லைத்தீவில் வாடைக்காற்று எழுந்து வள்ளங்களெல்லாம் கரையேற்றப்பட்டிருந்த நாட்களில், நான் நோர்வேயின் வடகோடியில் ஷேர்வோய் என்ற தீவூரை ஒட்டிய கடலில், கொலைத்திமிங்கிலம் எனப்படும் ஓர்க்காக்களைத் தேடிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்ததும் எல்லோரும் கேட்டது பயமாக இருக்கவில்லையா என்றுதான். கடலில் சுதந்திரமாகத் திரியும் ஓர்க்கா மனிதரைக் கொன்றதாக உறுதிப்பட்ட பதிவு எதுவும் இல்லை என்பதே அதற்குப் போதுமான விடை. போக எண்ணுகிறவர் மனதைச் செலுத்த வேண்டிய கேள்வி வேறொன்று: ஷேர்வோயில் வீடெடுத்துத் தங்கித் தினமும் பகற்படகில் போய்வருவதா, அல்லது சில நாட்களுக்குக் கப்பலிலேயே தங்கி அங்கிருந்து சிறுபடகில் இறங்குவதா? நான் முதலில் இரண்டு நாள் கரையிலும், பின்னர் நான்கு நாள் கப்பலிலும் இருந்தேன். எனவே கப்பலைப் பற்றிக் கூடுதலாகவும் கரையைப் பற்றிக் குறைவாகவும் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரையைப் பற்றிய மீதி விவரங்கள், அதற்கு முந்தைய ஆண்டு ஒரு வாரம் முழுவதும் அங்கே தங்கியிருந்த என் பெரியம்மாவின் மகன் சொன்னவை. எண்பதுகளின் இறுதியில் வட நோர்வேயில் உள்ள பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போன நம்மவர்களுள் அவரும் ஒருவர். அந்தக் கடலின் குளிரை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அறிந்தவர்.

ஏன் நோர்வே என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. நியூசிலாந்தில் ஓர்க்காக்களோடு நீந்துவது சட்டப்படி தடைசெய்யப்பட்டுள்ளது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அழிவின் விளிம்பில் உள்ள தெற்குக் கூட்டத்து ஓர்க்காக்களிடமிருந்து படகுகள் 1000 யார் (ஏறத்தாழ 914 மீற்றர்) விலகி நிற்க வேண்டும் என்பது 2025 முதல் விதியாகியிருக்கிறது. நமது திருகோணமலைக் கடலிலும் கற்பிட்டிக் கடலிலும் ஓர்க்காக்கள் எப்போதாவது தென்படுவதுண்டு. அதை நம்பி யாரும் பயணம் திட்டமிட முடியாது. நோர்வேயின் வட குடாக்களுக்கோ ஒவ்வொரு மாரியிலும் ஹெரிங் மீன் பெருந்திரளாக வந்து தங்குகிறது. நம் சூடை, சாளை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த அந்த மீனைத் தொடர்ந்து ஓர்க்காவும் கூன்முதுகுத் திமிங்கிலமும் வருகின்றன. மீன் தங்கும் இடமும் நிலையானதல்ல. தொண்ணூறுகளில் அது தெற்கே தீஸ் குடாவை அண்டியிருந்தது. பின்னர் ட்ரொம்சோ நகருக்கு அருகில் வந்தது. 2017ஐ ஒட்டி ஷேர்வோய்க்கும் குவேனாங்கன் குடாவுக்கும் நகர்ந்தது. இந்த இடமாற்றம் நமது கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடையது என்பதால் பின்னர் இதற்குத் திரும்புவேன்.

வீசாவைப் பற்றி இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குச் சில வரிகள். கொழும்பிலிருந்த நோர்வேத் தூதரகம் 2023 ஜூலையோடு மூடப்பட்டுவிட்டது. விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே கொடுக்கலாம். 15 நாட்களுக்கு முன்பாகவேனும் கொடுத்துவிட வேண்டும். கட்டணம் 90 யூரோ. பயணக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். வைகாசியிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

கரையில் தங்குவதன் நன்மைகளை முதலில் சொல்கிறேன், ஏனெனில் அவை உண்மையானவை. ட்ரொம்சோவிலிருந்து தரைவழியாக, இரண்டு இடங்களில் வாகனங்களை ஏற்றிச் செல்லும் பாதைப் படகில் ஏறி இறங்கி ஏறத்தாழ நான்கு மணித்தியாலத்தில் ஷேர்வோய் போய்ச் சேரலாம். அதிவேகப் பயணிகள் படகும் உண்டு. வாடகை வீட்டில் சோறு சமைக்கலாம், இரவில் அசையாத கட்டிலில் உறங்கலாம், காற்று மோசமான நாளில் கடலுக்குப் போகாமல் இருந்துவிடலாம். செலவும் குறைவு. எங்களிடம் கேட்கப்பட்ட தொகைகளை வைத்துப் பார்த்தால், கப்பலில் ஒரு நாளுக்கு ஆகும் செலவு கரையில் தங்கிப் பகற்படகில் போகும் செலவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வந்தது. குடும்பமாகப் போகிறவர்களுக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல. பணமே தீர்மானிக்கும் நிலையில் உள்ளவர் தயக்கமின்றிக் கரையைத் தெரிவு செய்யலாம்.

ஆனால் அண்ணன் புறப்படுவதற்கு முன்பே தொலைபேசியில் ஒன்று சொல்லியிருந்தார்: "தம்பி, தண்ணிக்குள்ள நிக்கிற நேரத்தை யோசிக்காத. வெளியில வந்து நடுங்கிற நேரத்தை யோசி." அப்போது அதன் பொருள் எனக்கு முழுமையாக விளங்கவில்லை. நீரின் வெப்பநிலை ஐந்து, ஆறு பாகை செல்சியஸ் என்று படித்திருந்தேன். 28 பாகைக் கடலில் வளர்ந்த எனக்கு, அந்த நீருக்குள் எப்படி இறங்கப்போகிறேன் என்பதே கவலையாக இருந்தது. இறங்குவது உண்மையில் எளிதாக இருந்தது. கம்பளி உள்ளாடைகளுக்கு மேல் நீர் புகாத ட்ரை சூட் அணிந்து, தலையை மூடி, கையுறை போட்டு, படகின் ஓரத்தில் அமர்ந்து ஓசையின்றி வழுக்கி இறங்க வேண்டும். முகத்தில் நீர் பட்ட கணத்தில் மூச்சு இழுத்துப் பிடிக்கிறது. ஒரு நிமிடம் அசையாமல் மிதந்தால் அது அடங்கிவிடுகிறது. கஷ்டம் படகில் ஏறிய பின்னர்தான் தொடங்குகிறது.

ட்ரை சூட்டுக்குள் உடல் நனைவதில்லை; கைகள் நனைகின்றன. காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடற்சூட்டை இழுத்துக்கொள்கிறது என்பதால், ஐந்து மில்லிமீற்றர் கையுறைக்குள் இருந்தும் கால் மணித்தியாலத்தில் விரல்கள் மரத்துப்போகின்றன. முதல் நாள் நாங்கள் போனது றிப் படகில், அதாவது காற்றடைத்த ஓரங்களைக் கொண்ட, கூரையற்ற படகில். திமிங்கிலங்கள் அன்று தொலைவில் இருந்தன. போக ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. முதல் இறக்கத்துக்குப் பின் கையுறையைக் கழற்ற முயன்றேன். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் றப்பரைப் பிடிக்கும் பலம் இருக்கவில்லை. அண்ணன் பல்லால் கடித்து இழுத்து எடுத்துவிட்டார். உள்ளே விரல் நுனிகள் வெளிறி, ஐஸ் பெட்டிக்குள் ஓர் இரவு கிடந்த இறாலைப் போல இருந்தன. சுடுநீர்ப் போத்தலிலிருந்து கையுறைக்குள் சிறிது ஊற்றிக்கொண்டு இரண்டாம் முறை இறங்கினேன். மூன்றாம் முறை ஓர்க்காக் குடும்பம் ஒன்று படகிலிருந்து முப்பது மீற்றருக்குள் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. படகோட்டி இறங்கச் சொன்னார். கண்ணாடியை முகத்தில் சரிசெய்ய முடியவில்லை, ஏணியைப் பற்ற முடியும் என்ற நம்பிக்கையும் இல்லை. அமர்ந்திருந்தபடியே பார்த்தேன். அவ்வளவு தூரம் போய், கைகளின் காரணமாக இறங்காமல் இருந்த அந்த நேரம் இன்றும் மனதை அரிக்கிறது. பிறகு நனைந்த கையுறையோடு, உறைநிலைக்குக் கீழே இருந்த காற்றில், அதே ஒன்றரை மணித்தியாலம் திரும்பி வந்தோம்.

கப்பலில் வேறுபட்டது இதுதான். கப்பல் திமிங்கிலங்கள் உள்ள பகுதிக்கு அருகிலேயே நிற்கிறது. சிறுபடகில் போய்வர பத்து, பதினைந்து நிமிடம் போதும். திரும்பியதும் எஞ்சின் சூட்டில் வைத்திருக்கும் உலர்த்தும் அறைக்குள் கையுறையும் தலைமூடியும் போகின்றன, இரண்டாவது சோடி காய்ந்து காத்திருக்கிறது, கையில் சூடான மீன்சூப்புக் கோப்பை வருகிறது. நடுக்கம் முழுவதும் தீர்ந்த பின்னரே அடுத்த இறக்கம். இது சொகுசுக்காகச் செய்யப்படுவதல்ல. குளிர்நீரிலிருந்து வெளியேறிய பிறகும் சிறிது நேரத்துக்கு உடலின் உட்சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். கைகால்களில் குளிர்ந்த இரத்தம் நடுவுடலுக்குத் திரும்புவது அதற்கு ஒரு காரணம். அந்த நேரத்தில் காற்றில் அமர்ந்திருப்பதற்கும் சூடான அறையில் அமர்ந்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிக்கையாகவே சொல்ல முடியும்: கரையிலிருந்து போன இரண்டு நாட்களில் நான் மொத்தம் நான்கு முறை இறங்கினேன்; கப்பலில் இருந்த நான்கு நாட்களுள் ஒரு நாள் காற்றால் வீணான பின்னும் பதின்மூன்று முறை இறங்கினேன். அந்த நாட்களில் சூரியன் அடிவானத்துக்கு மேலே நிற்பது மூன்று மணித்தியாலம் அளவில்தான். முன்னும் பின்னும் உள்ள மங்கல் ஒளியையும் சேர்த்தாலும் பகல் சிறியது. அந்தச் சிறிய பகலில் மூன்று மணித்தியாலத்தைப் போய்வருவதற்கே கொடுத்துவிட்டால் நீருக்கு மிஞ்சுவது என்ன என்று எண்ணிப் பாருங்கள். மீன் குடா மாறினால் ஷேர்வோயில் எடுத்த வீடு அசையாது, கப்பல் அசையும். மேலே சொன்ன இடமாற்றத்தின் முக்கியத்துவம் இதுதான்.

பதின்மூன்றில் பத்து முறை நான் கண்டது கறுப்பு வெள்ளையாகக் கடந்துபோன ஒரு விலாவும், ஆண் ஓர்க்காவின் ஆளுயர முதுகுத்துடுப்பும் மட்டுமே. பதினோராவது முறைதான் மீன் உருண்டையைக் கண்டேன். கரைவலையின் மடி சுருங்கி வரும்போது உள்ளே மீன் எப்படிக் கொதித்துச் சுழலுமோ அப்படி ஆயிரக்கணக்கான ஹெரிங் ஒரே உருண்டையாகச் சுழல, ஐந்தாறு ஓர்க்காக்கள் அதைச் சுற்றி வந்து வெள்ளை வயிற்றைக் காட்டி மிரட்டி, மீனை மேல்நோக்கி நெருக்கிக்கொண்டிருந்தன. ஒன்று திரும்பி வாலால் அடித்தது. அந்த ஓசை என் நெஞ்செலும்பில் கேட்டது. மயங்கிய மீன்களை அவை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் எடுத்துத் தின்றன. கழன்ற செதில்கள் நீர் முழுவதும் மினுங்கியபடி கீழே இறங்கிக்கொண்டிருந்தன. கரைவலை இழுத்த குடும்பத்தில் பிறந்தவன் என்பதால், வலையே இல்லாமல் வளைப்பதைக் கண்டபோது என் பாட்டனாரை நினைத்துக்கொண்டேன். இது முதல் நாளிலும் நடந்திருக்கலாம். அதிர்ஷ்டத்தின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் பதினோராவது முறை இறங்கக்கூடிய கைகள் இருந்ததால்தான் எனக்கு அது கிடைத்தது.

உடையைப் பற்றி ஒரு குறிப்பு. ஏழு மில்லிமீற்றர் வெற் சூட் அணிந்தவர்களும் எங்கள் கப்பலில் இருந்தார்கள். மூச்சடக்கிச் சுழியோடத் தெரிந்தவர்களுக்கு அதுவே ஏற்றது, ஏனெனில் ட்ரை சூட்டில் உள்ள காற்று ஆளை மேலேயே வைத்திருக்கும். ஆனால் வெற் சூட் உடலை நனைக்கிறது, ஆகவே சூடான அறையின் தேவை அதற்கு இன்னும் கூடுதல். திறந்த படகில் வெற் சூட்டோடு போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கப்பலின் குறைகளையும் மறைக்கக்கூடாது. இரண்டாம் இரவு குடாவுக்கு வெளியே காற்று மாறியபோது கப்பல் உருண்டது. எட்டுப் பேரில் மூவர் மறுநாள் நண்பகல்வரை கட்டிலை விட்டு எழவில்லை. அறைகள் சிறியவை, ஈர உடையின் மணம் எங்கும் இருக்கும், உடன் வருகிறவர்கள் ஒத்துப்போகாவிட்டால் விலகிப்போக இடமில்லை. மீன்பிடிக் கப்பல்கள் வலையடிக்கும் இடத்தை நெருங்கி நீந்தக்கூடாது என்ற விதி இரு தரப்புக்கும் பொது. ஒரு தடவை கன்றோடு போன தாய் ஓர்க்கா இருமுறை திசைமாற்றியதைக் கண்டதும் எங்கள் படகோட்டி யாரையும் இறக்காமல் விலகிவிட்டார். அப்படி விலகுகிறவரோடு போகிறோமா என்பதை முன்கூட்டியே விசாரிப்பது நல்லது. சூடேற்றிய மூடிய அறை கொண்ட பெரிய பகற்படகுகளும் ஷேர்வோயிலிருந்து போகின்றன. அவற்றுள் ஒன்றிலும் நான் ஏறவில்லை. அவற்றில் போயிருந்தால் என் கருத்து ஓரளவு மாறியிருக்கக்கூடும். சூரியன் எழாத டிசம்பர் மாத நிலையையும் நான் பார்த்ததில்லை.

வன்னியிலிருந்து போகிறவருக்குப் பயிற்சி வேண்டும் என்றால், வாடை தொடங்குமுன் ஆவணி, புரட்டாதியில் கடல் அமைதியாக உள்ள காலைகளில் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து முகத்தை நீருக்குள் வைத்தபடி அரை மணித்தியாலம் மிதந்து பழகலாம். நான் வேறொன்றும் செய்தேன்: மீன் வாடியில் ஐஸ் கரைந்த நீருக்குள் கையுறையோடு கைகளைப் பத்து நிமிடம் வைத்திருந்து, பின் கண்ணாடியின் பட்டியை இறுக்கவும் தளர்த்தவும் முயன்றேன். வாடியில் நின்றவர்கள் வியந்து பார்த்தார்கள். அங்கே செய்ய முடியாத முடிச்சைக் கடலிலும் செய்ய முடியாது என்பது தெரிந்ததால், பட்டியை ஒரே இழுப்பில் இறுகும் வகைக்கு மாற்றிக்கொண்டு போனேன்.

இந்த ஆண்டு அண்ணனின் மகளும் வருகிறாள். நெடுந்தீவுப் படகிலேயே வாந்தியெடுத்தவள் அவள். அவளுக்காக ஷேர்வோயில் மூன்று நாள் வீடும், மூடிய அறையுள்ள பகற்படகும் பதிவு செய்திருக்கிறோம். அண்ணனும் நானும் அதன் பிறகு ஐந்து நாள் கப்பலில் இருப்போம். கையுறை மட்டும் ஆளுக்கு மூன்று சோடி.