பேக்-12 பெயரைக் காப்பதா, மவுண்டன் வெஸ்டில் சேர்வதா?

பேக்-12, மவுண்டன் வெஸ்ட் இரண்டும் அமெரிக்கப் பல்கலைகளின் விளையாட்டுக் கூட்டமைப்புகள் (கான்பரன்ஸ்). 2022, 2023-இல் முடிவெடுத்த பத்துப் பல்கலைகள் 2024-இல் கிளம்பிவிட, பேக்-12-இல் மிஞ்சியவை ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும்தான். தலைப்பிலுள்ள கேள்வி இந்த இருவருக்கும் வந்தது.

செலவு
சேர்ந்தால்: சொற்பம்.
காத்தால்: 2024 பருவ ஆட்டங்களுக்காக மவுண்டன் வெஸ்டுடன் போட்ட ஒப்பந்தப்படி, அங்கிருந்து இழுக்கும் முதல் பல்கலைக்கு 1 கோடி டாலர், அடுத்தடுத்து 5 லட்சம் கூடும். ஐந்துக்கு 5.5 கோடி. அதன் மேல் வழக்கு வேறு.

ஆள் கணக்கு
சேர்ந்தால்: கவலையில்லை.
காத்தால்: கல்லூரி விளையாட்டை நடத்தும் NCAA தரும் இரண்டாண்டு அவகாசத்துக்குள் அமெரிக்கக் கால்பந்து ஆடும் எட்டு அணிகள் வேண்டும். கொன்சாகா பல்கலை வந்தது கூடைப்பந்துக்குப் பெரும் பலம். ஆனால் அங்கே கால்பந்து அணியே இல்லை, எண்ணிக்கையில் சேராது. எட்டாவது இடம் 2025-இல் டெக்சஸ் ஸ்டேட் சேர ஒப்புக்கொண்ட பிறகுதான் நிரம்பியது. பயணத் தொலைவைக் கேட்காதீர்கள்.

கையிருப்பு
நீதிமன்றத்தில் வென்று கான்பரன்ஸ் நிர்வாகத்தையும் அதன் பணத்தையும் கையில் வைத்திருந்ததால்தான் இந்த இருவருக்கும் பெயரைக் காப்பது கட்டுப்படியானது. அப்படிப் பணம் இல்லாத பல்கலை பேசாமல் சேர்ந்துவிடலாம்.