முதல் சொந்த லாரி: புது பிஎஸ்6, பழைய பிஎஸ்6, பழைய பிஎஸ்4 – எதை எடுக்கலாம்?

நாமக்கல், சங்ககிரி பக்கம் டிரைவராக இருந்து ஓனராக மாறுகிறவர்களில் பலர் 10 சக்கர வண்டியில்தான் தொடங்குகிறார்கள். அது நல்ல முடிவுதான். 18, 19 டன் லோடு பெரும்பாலான புக்கிங் ஆபீஸ்களில் கிடைக்கும், திரும்பி வர ரிட்டர்ன் லோடும் அமையும். எந்த 10 சக்கரம் என்பதில்தான் குழப்பம். புதிது எடுப்பதா, 2020-21 மாடல் பிஎஸ்6 எடுப்பதா, அதற்கும் முந்தைய பிஎஸ்4 எடுப்பதா? (பிஎஸ் என்பது புகை மாசுக்கான அரசு விதி, எண் கூடக் கூட விதி கடுமை.)

முதலில் தவணைக் கணக்கு. புது வண்டிக்கு 35 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 60 மாதம் என்று வைத்தால் மாத டியூ சுமார் 74,400 ரூபாய். பழைய வண்டிக்கு 15 லட்சம், 15 சதவீதம், 36 மாதம் என்றால் 52,000. வட்டி விகிதம் ஒன்றரை மடங்கு இருந்தும் மாதம் 22,000 குறைகிறது. இந்த 22,000 லாபம் இல்லை, பழைய வண்டியின் ரிப்பேர் பணம். அதைத் தனியாக எடுத்து வைக்காதவருக்குப் பழைய வண்டி சரிப்படாது. பத்து டயரும் ஒரே நேரத்தில் தேய்ந்து நின்றால் இரண்டு லட்சத்துக்கு மேல் போய்விடும்.

பைனான்ஸில் “8 சதவீதம்தான்” என்றால் ஃப்ளாட் வட்டியா, அதாவது அசல் குறைந்தாலும் முழுக் கடனுக்கும் கடைசி வரை போடும் வட்டியா என்று கேளுங்கள். மூன்று வருடத்துக்கு 8 சதவீத ஃப்ளாட் என்பது, குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் பதினாலரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். புது சேசிஸ் எடுப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். பாடி கட்டி முடியும் முன்பே முதல் டியூ வந்து நிற்கும். பாடிக்கும் சேர்த்துக் கடன் உண்டா, முதல் தவணையைத் தள்ளி வைப்பார்களா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். புதிது வாங்குகிறவருக்கு ஒரு ஆறுதல்: 2025 செப்டம்பர் 22 முதல் லாரிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது.

மூன்றில் ஆபத்தானது நடுவில் நிற்கும் பழைய பிஎஸ்6தான். விலையும் மிதம், வயதும் மிதம் என்று ஆசை காட்டும். ஆனால் வாரண்டி முடியும் நேரத்தில்தான் அது கைமாறுகிறது. டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி ஹைவேயில் சூடேறி ஓடும்போது கரியைத் தானே எரித்துக்கொள்ளும். ஊருக்குள்ளேயே ஓடிய வண்டியிலும், ஏசிக்காக மணிக்கணக்கில் ஐட்லிங்கில் நின்ற வண்டியிலும் கரி சேர்ந்து அடைக்கும். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் கவனிக்காவிட்டால் இழுவை குறையும். பிறகு சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டுத்தான் எரிக்க வேண்டும். மலிவான பழைய ரக ஆயில் ஊற்றியிருந்தால் அதன் சாம்பல் வடிகட்டியிலேயே தங்கிவிடும், அது எரித்தாலும் போகாது.

பிஎஸ்6 வண்டியின் புகையைச் சுத்தப்படுத்தத் தனி டேங்கில் ஊற்றும் யூரியா திரவமும் அப்படித்தான். 32.5 சதவீத யூரியாவும் மீதி சுத்த நீரும் உள்ள டிஇஎஃப் மட்டும்தான் ஊற்றலாம். டீசலில் 3 முதல் 6 சதவீதம் வரை செலவாகும். செலவு மிச்சம் என்று வயல் யூரியாவைக் கரைத்து ஊற்றிய வண்டியில் இன்ஜெக்டர் உப்புப் பூத்து அடைக்கும், புகையின் நச்சு வாயுவை அளக்கும் நாக்ஸ் சென்சார் போகும். ஆகவே கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டு முழுதாக இல்லாத பிஎஸ்6 வண்டியை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். புதிதாக வாங்கினாலும், என்ஜினுக்கு எழுதிய வாரண்டி காலம் சைலன்சர் பக்கத்துப் பாகங்களுக்கும் உண்டா என்று தனியே கேளுங்கள்.

பிஎஸ்4 வண்டியை ஊர்ப் பட்டறையிலேயே பிரித்து மாட்டலாம். புகையில் ஒரு பகுதியைத் திரும்ப என்ஜினுக்குள்ளேயே அனுப்பும் லேலண்டின் ஐஇஜிஆர் என்ஜினுக்கு யூரியா டேங்கும் கிடையாது. தென் மாநிலங்களுக்குள் தானே ஓட்டப் போகிற ஒருவருக்கு 2018-19 மாடல் நல்ல பிஎஸ்4தான் என் தேர்வு. ஒரே கம்பெனியில் மாத ஒப்பந்தம் கையில் இருந்தால் மட்டும் புதிது எடுக்கலாம். டெல்லி லைன் ஓடுவதானால் கணக்கே வேறு: வெளிமாநிலப் பதிவுள்ள பிஎஸ்4 சரக்கு வண்டிகளுக்கு அங்கே 2026 அக்டோபர் 31 வரைதான் அனுமதி.

ஆர்சியில் எடையைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். 2018 ஜூலையில் அச்சு எடை உயர்த்தப்பட்டது. வண்டியும் லோடும் சேர்த்து, அதற்கு முந்தைய 10 சக்கரம் 25 டன், பிந்தையது 28 டன். 2018 மாடல் என்று சொல்லும் இரண்டு வண்டிகளுக்குள் மூன்று டன் வாடகை வித்தியாசம் இருக்கலாம். ஆர்சிக்கு மேல் ஏற்றினால் அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு எப்சி (தகுதிச் சான்று) வருடா வருடம் காட்ட வேண்டும். 10 சக்கரம் போல இரண்டுக்கு மேல் அச்சு உள்ள மல்டி ஆக்சிலுக்கு நேஷனல் பர்மிட் 15 வருடம் வரைதான்.

பழைய வண்டியைப் பார்க்கக் காலையிலேயே போங்கள். என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும், ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். ஸ்டார்ட் செய்து சூடானதும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதன் வாய்மேலேயே தலைகீழாக வையுங்கள். மூடி துள்ளினாலோ புகை தள்ளினாலோ ரிங், லைனர் தேய்ந்திருக்கிறது. அடுத்து அடியில் படுத்து, பின் ஸ்பிரிங் பட்டைகள் சேசிஸில் சேரும் இடத்தையும், கிராஸ் மெம்பர் என்ற குறுக்குச் சட்டங்களின் ரிவெட்டுகளையும் பாருங்கள். அங்கே மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் சுரண்டிப் பார்க்கத் தயங்காதீர்கள், வெல்டிங் தெரியும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் வரி, இ-சலான் பாக்கி, பைனான்ஸ் பதிவு மூன்றையும் பாருங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும், கடன் இருந்திருந்தால் அது முடிந்தது என்று பைனான்ஸ்காரர் கையெழுத்திட்ட படிவம் 35-லும் எல்லாம் நிரம்பியிருக்க வேண்டும். ஆர்சி பெயர் மாற்ற 30 நாள் அவகாசம் உண்டு. இன்சூரன்ஸுக்கு 14 நாள்தான். அதற்குள் எழுதிக் கொடுக்காவிட்டால் மூன்றாம் நபர் காப்பீடு தொடரும், ஆனால் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குப் பணம் கிடைப்பது சந்தேகம். கிளைம் எடுக்காததற்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் விற்றவருடையது, அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.