ஓராண்டு வேளாண் பழகுநர் பயிற்சி: வயலைத் திறந்து காட்டியவர்கள் கணக்கைத் திறக்கவில்லை

பயிரும் கால்நடையும் உள்ள ஒரு கலப்புப் பண்ணையில் தங்கி, ஓராண்டுப் பழகுநர் பயிற்சியை அண்மையில் முடித்தேன். சொந்தமாகப் பண்ணை தொடங்க விரும்பும் இளைஞர்களுக்காகவே நடத்தப்படும் பயிற்சி அது. ஆகவே, முடித்து வெளியே வருபவர் ஒரு பண்ணையைத் தனியாக நடத்த முடியுமா என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் அதை மதிப்பிடுகிறேன்.

மண்ணைக் கற்றுத்தந்த விதத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. முதல் மூன்று மாதங்கள் டிராக்டரின் அருகே விடாமல், நாள்தோறும் காலையில் ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்க்கச் சொன்னார்கள். உருண்டை விரல் பட்டதும் உதிர்ந்தால் உழவுக்குப் பதம். பிசைந்த களிமண்ணாக நசுங்கினால் அன்று வண்டி இறங்கக் கூடாது, ஏனெனில் ஈரம் மிகுந்த மண்ணைச் சக்கரம் ஒருமுறை இறுக்கிவிட்டால், அதனுள் வேரும் நீரும் இறங்குவது பல பருவங்களுக்குச் சிரமமாகிவிடும். அவரைக் குடும்பத்துச் செடிகளைப் பிடுங்கி, வேர் முடிச்சைக் கீறிப் பார்க்கவும் பழக்கினார்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்துகிறது என்று பொருள். வெளிறியிருந்தால் இன்னும் வேலையைத் தொடங்கவில்லை, அல்லது முடித்துவிட்டது. மட்கு உரக் குவியலின் சூடு 55 முதல் 65 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கிறதா என்று அளந்து, எப்போது புரட்டுவது என்பதை எங்களையே முடிவு செய்யச் சொன்னார்கள். அந்தப் பொறுப்பைத் தந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

தொழுவத்திலும் நன்றாகவே கற்றோம். பசு சினைப்பருவத்துக்கு வரும் 21 நாள் சுழற்சியைக் குறித்து வைப்பது, காலையில் சினைப்பருவ அறிகுறி தெரிந்தால் மாலையில் கருவூட்டுவது, பிறந்த கன்றுக்குச் சில மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுப்பது ஆகியவை கையோடு படிந்துவிட்டன.

பாதுகாப்பில் ஒரு குறை. டிராக்டரோடு இணைக்கும் கருவிகளை இயக்கும் விசைத்தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று சுழலும். சட்டை நுனி சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. ஒருநாள் உறை உடைந்த தண்டோடு வேலை செய்யச் சொன்னார்கள். நான் மறுத்த பிறகே உறையை மாற்றினார்கள். உயிரோடு தொடர்புடைய இந்த வேலையைப் பழகுநர் கேட்டுத்தான் செய்ய வேண்டுமா? பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2001ஆம் ஆண்டு வேளாண் பாதுகாப்பு உடன்படிக்கை, ஆபத்தான பண்ணை வேலைக்கு 18 வயதைப் பொதுவான கீழ்வரம்பாக வைத்திருக்கிறது. எங்களோடு இருந்த 17 வயதுப் பழகுநரை அந்தத் தண்டின் அருகே விடாததை மட்டும் பாராட்டுகிறேன்.

என் பெரிய வருத்தம் கணக்கைப் பற்றியது. விதைக்கு என்ன செலவாயிற்று, கடன் தவணை எப்போது வருகிறது, எந்தப் பாத்தி லாபம் தந்தது என்று கேட்டபோதெல்லாம், அது அலுவலகத்தின் வேலை என்ற பதிலே கிடைத்தது. கடைசி மாதத்தில் கற்பனை எண்களை வைத்து இரண்டு நாள் வகுப்பு நடந்தது, அவ்வளவுதான். விதைக்கும்போது பணம் போய், அறுவடைக்குப் பின்பே திரும்பி வரும் தொழிலில், இடைப்பட்ட மாதங்களை எப்படிச் சமாளிப்பது என்பதைத்தான் புதிதாகத் தொடங்குபவர் முதலில் அறிய வேண்டும். ஒருநாள் மாலை, வயல் மேற்பார்வையாளர் ஒரு பாத்திக்காகத் தாமே எழுதி வைத்திருந்த குறிப்பேட்டைக் காட்டினார். நாங்கள் பெருமையோடு வளர்த்த பயிரின் வரவில் பாதிக்கு மேல் அறுவடைக் கூலிக்கே போயிருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் தெளிந்தது அந்த இரண்டு நாள் வகுப்பில் தெளியவில்லை.

வேலை நேரமும் மாத உதவித்தொகையும் எழுத்து ஒப்பந்தத்தில் இருந்தன. அறுவடைக் காலத்தில் கூடுதலாக உழைத்த நேரத்துக்கு மட்டும் ஈடு இல்லை.

மண்ணையும் மாட்டையும் கற்க விரும்புபவர்கள் இங்கே தயங்காமல் சேரலாம். தனியாகப் பண்ணை வைக்கும் எண்ணம் இருந்தால், ஒரு பாத்தியின் வரவு செலவை விதைப்பு முதல் விற்பனை வரை உங்கள் கையில் ஒப்படைப்பார்களா என்று கேட்டு, அதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகு கையெழுத்திடுங்கள்.