மேல் போல்ட்டும் ரீகண்டிஷன் ஸ்டார்ட்டரும்

மஸ்கெலியா மச்சான் ஒருத்தன் கேட்டிருக்கிறான்: "சாவியத் திருப்பினா 'டக்'னு ஒரு சத்தந்தான் வருது. ஸ்டார்ட்டரையே மாத்தணுமா? வீட்லயே கழட்டலாமா?" ஸ்டார்ட்டர் என்றால் என்ஜினை முதலில் சுற்றிவிடுகிற மோட்டர். என் பழைய டீசல் வேனுக்கு ரீகண்டிஷன் ஸ்டார்ட்டர், அதாவது பழசைச் சரிபண்ணி விற்கிற ஒன்று, போட்டுச் சில பனிக்காலம் ஓடிவிட்டது. போன மாதம் அதைத் திரும்பவும் கழற்றிப் பூட்டினேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஸ்டார்ட்டரைக் குறை சொல்ல மாட்டேன். ரிடக்ஷன் வகை. மோட்டர் சின்னதாக இருந்தாலும் வேகமாகச் சுற்றும். உள்ளே இருக்கிற பல்சக்கரம் அந்த வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டிக் கொடுக்கும். அக்கரப்பத்தனைப் பக்கம் தை, மாசியில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகும். அந்த விடியலில் ஒயில் தடித்துக் கிடக்கும், பெட்டரியும் சோர்ந்துபோயிருக்கும். டீசல் என்ஜினைச் சூடாக்குகிற ஹீட்டரின் லைட் அணைந்ததும் சாவியைத் திருப்பினால் ஒரே இழுப்பில் என்ஜின் பிடிக்கும். பழைய ஸ்டார்ட்டர் இருந்த காலத்தில் காலையில் உருட்டி ஸ்டார்ட் பண்ணுவதற்காக ராத்திரியே வேனை இறக்கம் பார்த்து நிறுத்தி, டயருக்குக் கல் வைத்துவிட்டுப் படுப்பேன். அந்தத் தொல்லை ஒழிந்தது.

மச்சானுக்கு ஒரு விஷயம். சாவியைத் திருப்பும்போது லைட் மங்கி, 'டிக் டிக் டிக்' என்று அடித்தால் முதலில் பெட்டரியையும் டெர்மினலையும் பார். நம் ஈரத்தில் டெர்மினலில் பச்சை பூக்காத வேன் கிடையாது. என்ஜினுக்கும் வண்டியின் இரும்பு பொடிக்கும் (body) போகிற எர்த் வயரையும் சுரண்டிப் பூட்டு. லைட் பளிச்சென்று இருந்து, ஒரே ஒரு 'டக்' மட்டும் வந்தால் பெரும்பாலும் ஸ்டார்ட்டருக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற சுவிட்சான சொலினொய்டுக்குள்ளே இருக்கிற செம்புத் தகடு தேய்ந்திருக்கும். மோட்டர் சுற்றுகிற சத்தம் கேட்டும் என்ஜின் சுற்றாவிட்டால் ஸ்டார்ட்டருக்குள்ளே இருக்கிற கிளட்ச் போய்விட்டது.

எனக்கு வந்தது அந்த 'டக்'தான். சொலினொய்டு மூடியைத் திறந்து பார்த்தால் பெட்டரிப் பக்கத்துத் தகடு ஒரு ஓரமாகக் குழிந்து கருகியிருந்தது. உள்ளே நகர்கிற பிளஞ்சரின் தட்டு இரண்டு தகட்டையும் ஒருசேரத் தொட்டால்தானே கரண்ட் போகும்? தகட்டை மட்டும் மாற்றினால் போதும், முழு ஸ்டார்ட்டருக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு இந்த மாதிரிச் சின்னச் சாமான்களை வைத்துத்தான் பழைய வண்டிகளை ஓட்டிக்கொண்டிருந்தோம். கொழும்பில் வண்டிச் சாமான் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்குப் போகிற லொறிக்காரரிடம் பழைய தகட்டையே மாதிரிக்குக் கொடுத்தனுப்பினேன், சரியானது வந்து சேர்ந்தது.

இவ்வளவும் சுகமான வேலை. கழற்றுவதுதான் நரகம். அந்த மேல் போல்ட்!

ஸ்டார்ட்டரைப் பிடிக்கிற போல்ட் இரண்டே இரண்டு. கீழ் போல்ட் கைக்கு எட்டும், கண்ணுக்கும் தெரியும். மேல் போல்ட் கியர்பொக்ஸுக்கு மேலே, பைப்புகளுக்குப் பின்னால், எலி வளைக்குள் ஒளிந்த மாதிரி இருக்கும். பார்த்தால் ஸ்பேனர் போகாது. ஸ்பேனர் போனால் பார்க்க முடியாது. நீள எக்ஸ்டென்ஷனையும் யுனிவர்சல் ஜொயின்டையும் மாட்டி, மல்லாந்து படுத்து, விரல் நுனியால் தலையைத் தடவித் தடவி சொக்கட்டை உட்கார வைக்க வேண்டும். கால் திருப்புத் திருப்பியதும் நழுவும். முழங்கை தோல் உரியும். இதை வரைந்த என்ஜினியர் ஒரு நாளாவது வேனுக்கு அடியில் படுத்திருக்க மாட்டார்.

மலையில் சமதரை கிடைப்பதும் லேசில்லை. வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து ஆட்கள் வேலைக்குக் கூடுகிற பிரட்டுக்களத்தில் நிறுத்தி, ஸ்டேண்ட் வைத்து, டயருக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துத்தான் அடியில் போனேன். பெட்டரியின் நெகட்டிவைக் கழற்றாமல் யாரும் கை வைக்காதீர்கள். ஸ்டார்ட்டருக்கு வருகிற தடித்த வயர் பெட்டரியிலிருந்து நேரே வருகிறது. ஸ்பேனர் பொடியில் பட்டால் நெருப்புப் பறக்கும்.

லொறி ஓட்டி ரிட்டயரான மாமா பக்கத்தில் குந்திக்கொண்டு டோர்ச் அடித்தார். "மேல் போல்ட்ட மொதல்ல கழட்டுங்க மாப்ள. கீழ் போல்ட்டு அதுவரைக்கும் தாங்கும். ரெண்டையும் ஒண்ணா தளர்த்துனா நெஞ்சில வந்து விழும்." பூட்டும்போதும் மேல் போல்ட்டைத்தான் முதலில் கையால் பிடிக்க வைக்கச் சொன்னார். சொன்னபடி செய்தேன், அப்படியும் மரை பிடிப்பதற்குள் பொழுது சாய்ந்து, பனிமூட்டம் இறங்கிவிட்டது.

இப்போது வண்டி பட்டென்று பிடிக்கிறது. தகட்டின் விலையும் ஒன்றுமில்லை. ரீகண்டிஷன் ஸ்டார்ட்டரா என்று யோசிக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். மேலே அடித்த பெயின்டைப் பார்த்து மயங்காமல், கடையிலேயே பெட்டரி கொடுத்துச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே கழற்றலாமா என்றாய் அல்லவா மச்சான்? வேண்டாம். கராஜுக்குக் கொண்டு போ, அங்கே வேலை செய்கிற மெக்கானிக் பாஸ் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடு. இல்லை, நானே பார்க்கிறேன் என்று அடம்பிடித்தால் என் எக்ஸ்டென்ஷனை வந்து எடுத்துக்கொண்டு போ. என்னை மட்டும் கூப்பிடாதே.