பொருளா, ஆளா, நாளா: பெயர் வைக்க எந்த வழி நல்லது?

குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது "இதற்கு என்ன அர்த்தம்?" என்பதைத்தான். ஆனால் அர்த்தம் பார்ப்பது பல வழிகளில் ஒன்று மட்டுமே. யாருடைய பெயர் என்று ஆளைப் பார்த்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், பிறந்த நாளைப் பார்த்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், காதுக்கு இனிமையாக இருந்தால் போதும் என்று புதிதாக உருவாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெயரின் மொழி வீட்டில் புழங்குகிறது என்றால் பொருள் பார்த்து வையுங்கள், இல்லையென்றால் ஆளைப் பார்த்து வைப்பதே மேல்.

ஏன் என்றால், அந்த மொழி தெரிந்தவர்கள் பக்கத்தில் இருக்கும்வரைதான் பெயருக்குப் பொருள் இருக்கிறது. எபிரேயத்தில் யோஹனான் என்றால் 'கடவுள் அருள்கூர்ந்தார்'. அது ஊர் ஊராகப் போய் ஜான், ஹுவான், ஜொவான்னி, இவான், ஷான், ஹான்ஸ் என்றெல்லாம் உருமாறியது, ஆனால் இவான் என்று மகனைக் கூப்பிடும் ரஷ்யத் தாய்க்கு அதில் அருள் எதுவும் கேட்பதில்லை, அது அவள் மகனின் பெயர், அவ்வளவுதான். தமிழில் கிறித்தவர்கள் இதற்கு நேர் எதிராக ஒன்று செய்தார்கள், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. ஓசையை விட்டுவிட்டு அர்த்தத்தை மட்டும் எடுத்து ஜானை அருளப்பர் ஆக்கினார்கள். பவுலுஸ் என்றால் லத்தீனில் சிறியவர், அதனால் பவுல் சின்னப்பர் ஆனார். மற்ற இடங்களில் ஓசை தப்பியது, அர்த்தம் போனது. இங்கே அர்த்தம் தங்கியது, ஓசை போனது. மொழி மாறும்போது இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோவது மிகவும் கடினம்.

அர்த்தம் மறைந்துபோகும் என்பதற்கு இன்னொரு சாட்சி, மோசமான அர்த்தமுள்ள பெயர்கள் நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்திருப்பதுதான். பார்பரா என்பதன் வேர் புரியாத மொழி பேசும் அந்நியரைக் குறிக்கும் கிரேக்கச் சொல். சிசிலியாவின் வேர் லத்தீனில் 'குருடு'. பழைய ஜெர்மானியப் பெயர்களில் இரண்டு துண்டுகளை ஒட்டுவார்கள், ஒட்டியபின் மொத்தமாக அர்த்தம் வருகிறதா என்று பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை: குன்ஹில்ட் என்ற பெயரில் முதல் பாதியும் போர், இரண்டாம் பாதியும் போர்.

மொழி உயிரோடு இருக்கும் இடத்தில் கதையே வேறு. முஹம்மத், அஹ்மத், மஹ்மூத், ஹமீத் எல்லாமே புகழ்ச்சியைக் குறிக்கும் ஒரே மூன்றெழுத்து வேரிலிருந்து வந்தவை, அரபி பேசுகிறவருக்கு அந்த உறவு காதிலேயே கேட்கும். நைஜீரியாவின் யொரூபா மக்கள் இதில் இன்னும் ஒரு படி மேலே. இரட்டையரில் முதலில் வெளிவரும் குழந்தை தாய்வோ, அதாவது 'உலகத்தை முதலில் ருசி பார்த்தவர்'. அடுத்து வருவது கெஹிண்டே, 'பின்னால் வந்தவர்'. ஆனால் மூத்தவராகக் கருதப்படுவது கெஹிண்டேதான், உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவரச் சொல்லி தாய்வோவை முன்னால் அனுப்பியது அவர் என்பது நம்பிக்கை. பாபாதுண்டே என்றால் 'அப்பா திரும்பி வந்துவிட்டார்'. தாத்தா இறந்தபின் பிறக்கும் பேரனுக்கு வைப்பது. பொருளும் ஆளும் ஒரே பெயரில் சேர்ந்துவிட்ட இப்படிப்பட்ட பெயர்தான் என் கணக்கில் முதலிடம்.

சரி, ஆளைப் பார்த்து வைப்பதற்கு வருவோம். கிரேக்க வழக்கப்படி மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தாவின் பெயர், அதனால் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் பலர் ஒரே பெயரோடு திரிவார்கள். சீனாவிலோ மூத்தோரின் பெயரை வைப்பதே மரியாதைக் குறைவு; பேரரசரின் சொந்தப் பெயரில் உள்ள எழுத்தை எழுதுவதைக்கூடத் தவிர்த்த காலம் உண்டு. யூதர்களுக்குள்ளேயே மத்திய, கிழக்கு ஐரோப்பாவின் அஷ்கெனாசி மரபில் உயிரோடு இருக்கும் உறவினரின் பெயரை வைக்கமாட்டார்கள், ஸ்பெயின் வழிவந்த செஃபார்டி மரபில் உயிரோடு இருக்கும் தாத்தா பாட்டியின் பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைப்பது அவர்களுக்குச் செய்யும் கௌரவம். எல்லாருக்கும் நோக்கம் மரியாதைதான், ஆனால் போய்ச் சேரும் இடம் நேர் எதிர். இந்த வழியில் குறை இல்லாமல் இல்லை, ஒருவருடைய வாழ்க்கையின் சுமை பிள்ளை தலையில் ஏறலாம், எந்தத் தாத்தா என்று சண்டையும் வரலாம். இருந்தாலும் "உனக்கு ஏன் இந்தப் பெயர்?" என்ற கேள்விக்குப் பதிலாக ஒரு மனிதரின் கதையைச் சொல்ல முடிகிறதே, அகராதி அர்த்தத்தைவிட அது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நாள் பார்ப்பது சுலபமான வழி. கானாவின் அக்கான் மக்களிடம் வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி, சனிக்கிழமை என்றால் க்வாமே. ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அன்னான் பிறந்த 1938 ஏப்ரல் 8 வெள்ளிக்கிழமைதான், அவருடன் பிறந்த இரட்டைச் சகோதரி எஃபுவா, அதுவும் வெள்ளிக்கிழமைப் பெயர். பாலித் தீவில் நாளுக்குப் பதில் எத்தனையாவது பிள்ளை என்ற வரிசை: வயான், மடே, ஞோமான், கெடுட், ஐந்தாவது பிள்ளை மறுபடி வயான். சண்டைக்கே இடமில்லை, ஆனால் ஒருவரை அடையாளம் காட்ட இன்னொரு பெயரும் தேவைப்படும்.

அப்புறம், புதிதாக உருவாக்குவது. வனெஸ்ஸா என்ற பெயரை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் தன் தோழி எஸ்தர் வன்ஹோம்ரியின் பெயரிலிருந்து துண்டுகள் எடுத்து உண்டாக்கினார். பல பெயர்ப் பட்டியல்கள் இதற்கு 'வண்ணத்துப்பூச்சி' என்று அர்த்தம் போடுகின்றன. உண்மையில் வண்ணத்துப்பூச்சிப் பேரினம் ஒன்றுக்கு அந்தப் பெயர் வந்தது 1807இல்தான், அதாவது பெயர் பிறந்து பல பத்தாண்டுகள் கழித்து! பட்டியலைப் பார்த்து வைக்கிறவர்கள் இரண்டு மூன்று இடத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

சட்டம் எதை விடும் என்பதையும் பார்க்கவேண்டும். பிரான்சில் 1803 முதல் 1993 வரை இன்ன பெயர்தான் வைக்கலாம் என்று சட்டமே இருந்தது. ஐஸ்லாந்தில் ஒரு சிறுமியின் பெயர் இலக்கணப்படி ஆண்பால் என்று மறுக்கப்பட்டு, 2013இல் நீதிமன்றம் அனுமதிக்கும்வரை, பதினைந்து வயதுவரை அவள் ஆவணங்களில் வெறும் 'சிறுமி' என்றே இருந்தாள். கேட்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பொருள்தான் வேண்டும் என்று உறுதியாக இருக்கிறவர்களுக்கு ஒரு உதாரணம். கிரேக்கத்தில் தியடோர், அதே இரண்டு சொற்களைத் திருப்பிப் போட்டால் டொரத்தியா, எபிரேயத்தில் நத்தனியேல், ஸ்லாவிய மொழிகளில் போக்தான், பாரசீகத்தில் குதாதாத், அரபியில் அதாவுல்லா, சமஸ்கிருதத்தில் தேவதத்தன். எல்லாமே கடவுள் தந்த பிள்ளை என்பதுதான். இதில் எதை எடுப்பது என்று கேட்டால், கூப்பிட்டதும் வீட்டில் இருக்கும் பாட்டிக்கு விளக்கம் இல்லாமல் எது புரிகிறதோ அதை எடுங்கள்.