16 வருடக் கார், 13 மாத ‘டொக்’

வண்டி 2009 ஆகஸ்டில் வாங்கியது. டிஎன் 43 பதிவு, சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக். கம்பெனி பேர் வேண்டாம், ஏனென்றால் சொல்லப்போகிற சங்கதி அந்தக் கம்பெனியின் குற்றமே இல்லை, முன்பக்கம் ஸ்ட்ரட்டும் (ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றி ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) காயில் ஸ்பிரிங்கும் (சுருள் கம்பி) இருக்கிற எந்தக் காருக்கும் வயசான காலத்தில் வரக்கூடியதுதான். வாங்கி மூன்றே மாதத்தில், அந்த நவம்பரில், நீலகிரி முழுக்க மண்சரிவு, பாதி ரோடு இல்லை. புது வண்டியைச் சேற்றிலும் கல்லிலும் ஓட்டித்தான் பழகினேன். வீடு கோத்தகிரி, வேலை குன்னூர், கட்டபெட்டு வழியாகப் போக வர 40 கிலோமீட்டர். இப்போது மீட்டரில் 1,58,000.

மலையில் ஓடுகிற வண்டி எதைத் தின்னும் என்று கேட்டால் முதலில் கிளட்ச், இரண்டு தடவை மாற்றியாயிற்று. பிரேக் பேடு கணக்கே வைத்துக்கொள்ளவில்லை. முன் டயர்களின் ஓரம் வளைவுகளிலேயே தேய்ந்துபோகும், நடுவில் பட்டன் அப்படியே இருக்கும்போது ஓரம் மொட்டையாகிவிடும். 2018ல் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் மாற்றினேன், அப்போது ஸ்பிரிங் பழையதையே திரும்பப் போட்டோம், இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை இன்றுவரை பிரித்ததில்லை. மொத்தத்தில் நல்ல வண்டி, விற்கச் சொல்லி வீட்டில் எத்தனையோ தடவை சொல்லியும் விற்கவில்லை.

2023 அக்டோபரில், மழை பிடித்த முதல் வாரத்தில் அந்தச் சத்தம் வந்தது. மரக்கதவை விரல் முட்டியால் ஒரே ஒரு தடவை தட்டினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு ‘டொக்’. இடது முன்பக்கம், பக்கத்து சீட்டில் உட்காருபவர் கால் வைக்கும் இடத்துக்குக் கீழே. 20 கிலோமீட்டர் வேகத்துக்குள் மட்டும். காலையில் வீட்டிலிருந்து எடுத்து முதல் பத்து நிமிடம் நிறைய, அப்புறம் எப்போதாவது. மேட்டுப்பாளையம் இறங்கிவிட்டால் சுத்தமாக இல்லை. இந்தக் கடைசி விஷயம்தான் எல்லாரையும் ஏமாற்றியது. குளிரில் ரப்பர் இறுகும், வெயிலில் இளகும், ஆகவே ஏதோ ஒரு ரப்பர் புஷ்தான் (இரும்புப் பாகங்கள் சேரும் இடத்தில் அதிர்வைத் தாங்கும் ரப்பர்) போயிருக்கிறது என்று நானும் முடிவு செய்துவிட்டேன், பார்த்த மெக்கானிக்குகளும் அதையேதான் சொன்னார்கள்.

முதலில் வண்டிக்குள் இருப்பதையெல்லாம் எடுத்து வெளியே வைத்தேன். ஜாக்கி, ஸ்டெப்னி, டூல்ஸ் பை, டேஷ்போர்டுப் பெட்டியில் கிடந்த சில்லறை எல்லாம். சீட்டுக்கு அடியில் ஒரு நீலகிரித் தைல பாட்டில் உருண்டுகொண்டிருந்தது. அதை எடுத்ததும் ஒரு சத்தம் நின்றது, ஆனால் அது வேறு சத்தம், இத்தனை நாள் இரண்டையும் ஒன்று என்று நினைத்திருக்கிறேன். பழைய வண்டியில் சத்தம் தேடுகிறவர்கள் இதை முதலில் செய்வது நல்லது, காசு செலவில்லை.

அடுத்து ஓட்டிப் பார்த்தே கண்டுபிடிக்கிற வேலை. மனைவி ஓட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிவிட்டு, மலைப்பக்கத்துத் தடுப்புச் சுவரை ஒட்டியே போகச் சொன்னேன். சுவரில் பட்டுத் திரும்பும்போது சத்தம் தெளிவாகக் கேட்கும், பள்ளத்தாக்குப் பக்கம் போனால் காற்றோடு போய்விடும். இடது முன் சக்கரம்தான் என்பது உறுதியானது. பிரேக்கை லேசாக அழுத்தியபடியே பள்ளத்தில் இறக்கிப் பார்த்தோம். அப்போது சத்தம் நின்றால் பிரேக் காலிப்பரோ பேடோ ஆடுகிறது என்று அர்த்தம். நிற்கவில்லை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடித்தால் ‘டக் டக் டக்’ என்று தொடர்ந்து வந்தால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட், அதுவும் இல்லை. ஸ்பீடு பிரேக்கரில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் சத்தம் இல்லை, ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் வருகிறது. சரி, மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன். ஸ்டெபிலைசர் பார் என்பது இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி, இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் சும்மா கூடவே ஏறும், ஒன்று ஏறி ஒன்று இறங்கினால்தான் முறுக்கிக்கொண்டு வேலை செய்யும். ஆகவே அந்தப் பாரைச் சக்கரத்தோடு இணைக்கிற சின்னக் கம்பி, லிங்க் ராடுதான் போயிருக்கிறது என்று முடிவு.

கோத்தகிரியில் வழக்கமாகப் பார்க்கிற மெக்கானிக் அண்ணன் இரண்டு பக்கமும் லிங்க் ராடு மாற்றினார், 1,900 ரூபாய். சத்தம் போயே போய்விட்டது. சந்தோஷத்தில் அவருக்கு ஃபோன் செய்து நன்றி வேறு சொன்னேன். ஐந்தாவது நாள் காலை வண்டிச்சோலைக்கு முன்னால் ஒரு வளைவில் ‘டொக்’.

2024 ஜனவரியில் மேட்டுப்பாளையத்தில் ஒரு கடையில் லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடியில் வண்டியோடு பிடித்திருக்கும் இரும்புக் கை) புஷ்ஷும், ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் புஷ்ஷும் மாற்றினேன், 3,600. நான்கு நாள் அமைதி, பிறகு அதே சத்தம். இதில் இன்னொரு கூத்து, அந்தப் புதுப் புஷ் ஐந்தே மாதத்தில் கிழிந்துவிட்டது. காரணத்தை அப்புறம்தான் புரிந்துகொண்டேன். லோயர் ஆர்ம் புஷ் என்பது வெளி இரும்புக் குழாய்க்கும் உள் இரும்புக் குழாய்க்கும் நடுவில் ஒட்டிய ரப்பர். அது சுழலாது, முறுக்கும். வண்டியைத் தூக்கி வைத்து, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், தொங்குகிற நிலையே அந்த ரப்பருக்கு இயல்பு நிலை ஆகிவிடும். வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கியபடியே நிற்கும், அதற்கு மேல் ஒவ்வொரு பள்ளத்துக்கும் இன்னும் முறுக்கும். கிழியாமல் என்ன செய்யும்? சக்கரம் தரையில், வண்டியின் பாரம் சக்கரத்தில் இருக்கும்போதுதான் அந்த போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். ஜூனில் ஆர்மையே முழுதாக மாற்றியபோது, 5,200 ரூபாய், பக்கத்திலேயே நின்று இதைச் சொல்லிச் செய்ய வைத்தேன். மெக்கானிக் அண்ணனுக்குக் கொஞ்சம் கோபம்தான். அந்த ஆர்ம் இன்றுவரை நன்றாக இருக்கிறது. சத்தம் மட்டும் மறுபடி நான்கு நாள் மௌன விரதம் இருந்துவிட்டு வந்தது.

பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் காட்டினேன். ஒரு சின்னச் சுற்று ஓட்டிவிட்டு வந்து ஸ்டியரிங் ராக் (ஸ்டியரிங்கைத் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பாகம்) போயிருக்கிறது, 27,000 ஆகும் என்றார்கள். ஸ்டியரிங்கில் ஆட்டம் இல்லையே என்றேன். ராக்தான் சார், வேற ஒண்ணும் இல்ல என்றார் அந்தத் தம்பி, முகத்தைப் பார்க்காமலேயே. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆகஸ்டில் 15 வருடம் முடிந்து ஆர்சி புதுப்பிக்க வேண்டிய நேரம், இதோடு இதைத் தள்ளிவிடலாமே என்று வீட்டில் மறுபடி பேச்சு. பிடிவாதமாகப் புதுப்பித்தேன். அந்த நேரத்தில் அது வண்டி மேல் உள்ள பாசமா, சத்தத்திடம் தோற்கக்கூடாது என்கிற வீம்பா என்று கேட்டால் இரண்டாவதுதான்.

நவம்பரில் ஒரு நாள் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும்போது அரவேணு தாண்டி இடது முன் டயர் பஞ்சர். நானே ஜாக்கி போட்டு ஸ்டெப்னி மாற்றிக்கொண்டு வந்தேன். அடுத்த நாள் காலை சத்தம் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒரு பார்ட்டும் மாற்றவில்லை, ஒரு நட்டுகூட இறுக்கவில்லை, சக்கர நட்டு நாலைத் தவிர. மூன்றாவது நாள் குன்னூர் ஆபீஸில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு தடவையும் எது சத்தத்தை நிறுத்தியது? லிங்க் ராடும் இல்லை, புஷ்ஷும் இல்லை, ஆர்மும் இல்லை. எல்லா வேலைக்கும் வண்டியைத் தூக்கினோம். தூக்கினால் சத்தம் போகிறது, நான்கைந்து நாள் ஓடினால் திரும்ப வருகிறது. அப்படியானால் தூக்கும்போது ஏதோ ஒன்று தன் இடத்தில் போய் உட்காருகிறது, ஓட ஓட மறுபடி நழுவுகிறது.

இதைப் பக்கத்து வீட்டு மாமாவிடம் சொன்னேன். அவர் முப்பது வருடம் இலை லாரி ஓட்டியவர், பச்சைத் தேயிலை மூட்டையோடு இந்த மலையில் அவர் போகாத சந்து கிடையாது. காரைப் பற்றி எனக்குத் தெரியாது தம்பி என்றுதான் ஆரம்பித்தார். “லாரியில ஸ்பிரிங் பட்டை உடைஞ்சா வண்டி அந்தப் பக்கம் சாஞ்சு காட்டிக் குடுத்துடும். உன் வண்டி சாயுதான்னு எப்பவாவது அளந்து பாத்தியா?”

அளக்கவில்லை. பார்த்தால் தெரியவும் இல்லை. மனைவியின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அப்போதுதான் இன்னொரு சிக்கல், கோத்தகிரியில் மட்டமான தரை எங்கே இருக்கிறது? என் வீட்டு வாசலே ஒரு பக்கம் அரை அடி சரிவு. கடைசியில் காலை ஆறரை மணிக்கு, கூட்டம் இல்லாத நேரம், பெட்ரோல் பங்க்கில் ஓரமாக நிறுத்தி அளந்தேன். சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை. இடது 358 மில்லிமீட்டர், வலது 371. தரைச் சரிவு ஏமாற்றலாம் என்று வண்டியை அப்படியே திருப்பி எதிர்ப்பக்கம் பார்க்க நிறுத்தி மறுபடி அளந்தேன், 359, 370. பங்க் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். டயர் காற்றும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆக, இடது பக்கம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருக்கிறது.

அன்று மாலையே ஸ்ட்ரட்டைக் கழற்றினோம். கழற்றும்போதே அடியில் இருக்கிற கிண்ணத்திலிருந்து கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு துண்டுக் கம்பி ‘டிங்’ என்று சிமெண்ட் தரையில் விழுந்தது. காயில் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று, அதன் நுனி. உடைந்த முகம் முழுக்க அடர்ந்த துரு, அதாவது உடைந்து வெகு நாள் ஆகிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, ஏனென்றால் அந்தச் சுற்று உட்காரும் கிண்ணத்தின் விளிம்பு அதை மறைத்துவிடும். அந்தக் கிண்ணத்தில்தான் சேறும் தண்ணீரும் தங்கும். ஸ்பிரிங் அங்கே உரசி உரசிப் பெயின்ட் போகும், பெயின்ட் போன இடத்தில் துரு குழி விழும், குழி விழுந்த இடத்தில் விரிசல் பிடிக்கும். கோத்தகிரிப் பக்கம் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான், மிச்ச நாளுக்கு மஞ்சு, அதாவது பனிமூட்டம், இருக்கவே இருக்கிறது. 14 வருடம் காயாமல் ஊறினால் எந்த இரும்பும் இந்த கதிதான்.

இப்போது எல்லாம் பொருந்தி வந்தது. நுனி உடைந்த ஸ்பிரிங் கிண்ணத்தில் சரியாகத் தங்காது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்ட்ரட்டோடு சேர்ந்து ஸ்பிரிங்கும் திரும்ப வேண்டும், சிக்கிக்கொண்டு கொஞ்சம் முறுக்கும், ஒரு குலுக்கல் கிடைத்ததும் விடுபட்டு ‘டொக்’ என்று இடம் மாறும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் சத்தம் என்று நான் செய்த சோதனை தப்பில்லை, நான் அதைப் புரிந்துகொண்டதுதான் தப்பு. என் பாதையில் அப்படிப் பள்ளம் இருக்கிற இடமெல்லாம் வளைவுகள், ஸ்டியரிங் திரும்பியிருக்கும். ஸ்பீடு பிரேக்கரை நேராக ஏறுகிறேன். மேட்டுப்பாளையத்தில் சத்தம் இல்லாததற்கும் வெயிலுக்கும் சம்பந்தமே இல்லை, அங்கே ரோடு நேராக இருக்கிறது, அவ்வளவுதான். காலையில் அதிகம் வந்ததற்கு என் ஊகம் இது: சரிவில் நிறுத்தும்போது சக்கரத்தைச் சுவர்ப்பக்கம் ஒடித்து நிறுத்துவது எங்களுக்குப் பழக்கம், ராத்திரி முழுக்க ஸ்பிரிங் முறுக்கியபடி உட்கார்ந்திருந்துவிட்டு காலையில் முதல் நாலு வளைவில் தன்னைச் சரிசெய்துகொள்கிறது.

ஒரு எச்சரிக்கை, இதில் விளையாட்டு வேண்டாம். காயில் ஸ்பிரிங்கை அதற்கான கம்ப்ரெஸ்ஸர் போட்டு இறுக்காமல் ஸ்ட்ரட்டின் மேல் நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் துப்பாக்கிக் குண்டு மாதிரி கிளம்பும், ஆளையே கொல்லும். கயிறு கட்டிக் கழற்றுகிறேன் என்று சொல்லும் இடத்தில் வண்டியை விடாதீர்கள். இன்னொன்று, உடைந்த நுனி இன்னும் கொஞ்சம் மேலே உடைந்திருந்தால் ஸ்பிரிங் கிண்ணத்தைவிட்டு வெளியே வந்து டயரைக் கிழித்திருக்கலாம். கொண்டை ஊசி வளைவில் அது நடந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் கை சில்லிடுகிறது. 13 மாதம் அந்த வண்டியில் குழந்தைகளை ஸ்கூலுக்குக் கூட்டிப்போயிருக்கிறேன்.

ஒரு பக்கம் மட்டும் புது ஸ்பிரிங் போட்டால் உயரம் ஒத்துவராது என்பதால் இரண்டு பக்கமும் மாற்றினேன், ஜோடி 3,400. கழற்றியது கழற்றியாயிற்று என்று மேல் மவுண்ட்டும் பேரிங்கும் 2,200, கூலி 1,500, அலைன்மென்ட் 500. மொத்தம் 7,600. அதற்கு முன்னால் தேவையில்லாமல் போட்டது 10,700. போய்விட்டது என்று மாற்றிய லிங்க் ராடு இரண்டும் உண்மையில் போகவே இல்லை, கழற்றிய பழையதை ஆட்டிப் பார்த்தேன், கல் மாதிரி இருக்கிறது. சாக்குப்பையில் கட்டி வைத்திருக்கிறேன்.

மாற்றி 14 மாதம், 12,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. முதல் மாதம் முன்பக்கம் ஒரு விரல் உயரமாக நின்றது, அப்புறம் இறங்கிச் சமமாகிவிட்டது. ஓட்டம் முன்னைவிடக் கொஞ்சம் இறுக்கம், பின் சீட்டில் மாமியாருக்குப் பிடிக்கவில்லை. முன்பெல்லாம் வளைவில் வண்டி சாய்ந்து சாய்ந்து போகும், அது குறைந்திருக்கிறது, பழைய ஸ்பிரிங் இரண்டுமே தளர்ந்துதான் இருந்திருக்கும். இரண்டு மழைக்கு ஒரு தடவை சக்கர வளைவுக்குள் தண்ணீர் பீய்ச்சி அந்தக் கிண்ணத்தில் தங்கிய சேற்றைக் கழுவிவிடுகிறேன். இடது 381, வலது 382, போன வாரம்கூட அளந்தாயிற்று.

இதில் அளந்தது நான் இல்லை, மெக்கானிக் அண்ணன். சத்தம் என்று யார் வண்டி கொண்டுவந்தாலும் இப்போது ஜாக்கி போடுவதற்கு முன்னால் டேப்பை எடுத்துக்கொண்டு நாலு சக்கரத்தையும் சுற்றி வருகிறார். மனைவி தன் தையல் டேப்பை இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு, வேறு வாங்கிக்கொண்டாள்.