புத்தக அலமாரி: ப்ளைவுட்டா, தேக்கா?

இணையத்தில் இறக்கிய வரைபடத்தை வைத்து நாமே ஒரு புத்தக அலமாரி செய்வதென்றால், முதல் கேள்வி மரம்தான்.

ப்ளைவுட் 8க்கு 4 அடி ஷீட்டாக வரும். வரைபட அளவுகளைக் கொடுத்தால் பல கடைகளில் மெஷினிலேயே நேராக அறுத்துத் தருவார்கள். வீட்டில் டிரில், ஸ்க்ரூ, பசை போதும். இழைப்புளியைத் தொடவே வேண்டாம். தொல்லை ஓரத்தில்தான். அடுக்குகள் பல்லிளிக்கும், பீடிங் (மெல்லிய ஓரப்பட்டி) ஒட்டி மறைக்க வேண்டும். அந்த ஓரத்தில் நேராக ஸ்க்ரூ இறக்கினால் அடுக்கு பிளந்துவிடும். முதலில் சின்னதாகத் துளை போட்டுக்கொள்ளுங்கள். 18 மி.மீ. தட்டுகூட 3 அடிக்கு மேல் நீண்டால் புத்தகக் கனத்தில் நடுவே தொய்யும்.

தேக்கு கன அடிக் கணக்கு. விலை கையைக் கடிக்கும். அமெரிக்க வரைபடத்தில் ‘2க்கு 4’ என்று இருந்தால் உண்மை அளவு ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம். மரக்கடையில் அப்படியே 2க்கு 4 அறுத்து வாங்கினால் அளவெல்லாம் இடிக்கும். தேக்குப் பலகை மழைக்காலத்தில் அகலவாக்கில் கொஞ்சம் உப்பும், கோடையில் சுருங்கும். அதனால் பின்பலகையை ஒட்டாமல் காடியில் (பலகை செருகும் பள்ளத்தில்) தளர்வாக விட வேண்டும். ஆனால் கீறல் விழுந்தால் இழைத்துப் பாலிஷ் போடலாம். ப்ளைவுட்டில் மேல்தாள் தேய்ந்தால் அவ்வளவுதான்.

முதல் அலமாரி என்றால் என் ஓட்டு ப்ளைவுட்டுக்கு. ஓதம் ஏறும் சுவரை ஒட்டி வைப்பதானால் ஈரத்தை ஓரளவே தாங்கும் எம்.ஆர். ரக ப்ளைவுட் வேண்டாம், கொதிநீரையும் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். ரகம் என்று கேட்டு வாங்குங்கள்.